ஜன்னலா, வலையா

ஷுப்ராவில் பகல் இரண்டு மணிக்கு
எல்லாத் தெருவிலும் வெங்காயம் வறுபடும்.
நான் மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவன்.
காலையிலிருந்து நூற்றுப் பதினாறு கதவு.
முப்பது பூட்டு, நான்கு நாய்,
"போன மாதம் ஏமாற்றியவன் நீதானே" என்று ஒரு அம்மாள்.
ஆக, பசி.

மீலாதின் கொஷாரிக் கடையில் ஆறு மேஜை.
ஒன்றுக்குக் கால் ஆடும்,
புதியவர்கள்தான் அதில் உட்காருவார்கள்.
சோறும் மக்ரோனியும் பருப்பும் ஒரே கிண்ணத்தில்,
மேலே தக்காளிச் சாறு,
அதற்கும் மேலே கறுக்க முறுகிய வெங்காயம்.
சுவரின் உச்சியில் ஒரு டிவி.
அதில் எந்நேரமும் கறுப்பு வெள்ளைப் படம்,
எந்நேரமும் யாரோ யாரையோ நினைத்துப் பாடிக்கொண்டு.

பரிமாறும் ஃபத்தூஹ்
கரண்டியால் கிண்ண விளிம்பைத் தட்டுவான்.
அவசரப்படுத்துகிறான் என்று நினைப்பீர்கள்.
இல்லை, தாளம்.
வயலின்கள் இழுத்துக்கொண்டு போனால்
பருப்பு சிக்கனமாக இறங்கும்.
தர்புக்கா உருண்டு வந்தால்
மக்ரோனி ஒரு கரண்டி கூடுதலாக விழும்.
சோகப் பாட்டு முடியும்வரை
வரிசையில் நான் பின்னால் நகர்ந்து நிற்பதுண்டு,
பெருந்தன்மைபோல.

அன்று கதாநாயகி மீனவன் மகள்.
அலெக்ஸாந்திரியா, மொட்டை மாடி, கூந்தலில் காற்று.
"இரவெல்லாம் உனக்காகக் காத்திருக்கிறது என்..."
மூச்சை இழுத்தாள்.
கரண்ட் போயிற்று.

மொத்தக் கடையும் என்னைத் திரும்பிப் பார்த்தது.
சட்டைப் பையில் வாரிய அட்டை.
"நான் வெறுமனே எண்ணுகிறவன்" என்றேன்.
"அப்படியானால் எத்தனை நிமிஷம் என்று எண்ணு" என்றார்
ஆடும் மேஜையில் இருந்தவர்.

"ஜன்னல்" என்றாள் மருந்துக் கடை இன்ஷிராஹ்,
வாயில் கொண்டைக்கடலையோடு.
"என்ன ஜன்னல்?"
"காத்திருப்பது. அவள் ஜன்னல்."
"வலை" என்றார் டாக்சி ஓட்டும் அவ்னி.
"மீனவன் மகளுக்கு ஜன்னலா முக்கியம்?"
"ஏன், மீனவன் வீட்டுக்குக் காற்று வேண்டாமா?"
எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே எழுத்து.
வாயை அழுத்தினால் ஜன்னல்,
நழுவவிட்டால் வலை.
இருவருமே இந்தப் படத்தைப் பத்து முறை பார்த்தவர்கள்,
இருவருமே சத்தியம் செய்தார்கள்.

பாடிப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றான் மீலாத்.
ஃபத்தூஹ் விளிம்பைத் தட்டினான்.
இருட்டில் இன்ஷிராஹ் ஆரம்பித்தாள்,
நல்ல குரல் இல்லை, ஆனால் கூச்சமும் இல்லை.
அந்த வரி வந்ததும்
பாதிக் கடை ஜன்னலைத் திறந்தது,
பாதிக் கடை வலையை வீசியது.
நான் இரண்டுக்கும் நடுவே
என்னவோ முணுமுணுத்தேன்.
காடிச் சாறு விட்ட பூண்டு வாசனையில்
மூன்று முறை பாடினோம்.
ஒவ்வொரு முறையும் மோசமாக.

பதினேழு நிமிஷம். எண்ணினேன்.
வெளிச்சம் வந்தபோது
எங்களுக்காகப் படம் நிற்கவில்லை.
அவள் மணப்பெண் உடையில் அழுதுகொண்டிருந்தாள்.
மாப்பிள்ளை யார் என்று காட்டுவதற்குள்
சலவைத்தூள் விளம்பரம்.
அவ்னி காசு வைத்துவிட்டு
"வலை" என்று சொல்லிக்கொண்டே வெளியேறினார்.

மறு மாதம், ஒரு பழைய கட்டடத்தின் நான்காம் மாடி.
மூடிய கதவுக்குப் பின்னே அதே வயலின்கள்.
மணியை அழுத்தப் போன விரல் நின்றது.
படிக்கட்டில் உட்கார்ந்தேன், நோட்டை மூடி.
அவள் மூச்சை இழுத்தாள்.
கீழிருந்து ஒருவன் கேஸ் சிலிண்டரை
ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு ஏற்றினான்.

எழுந்து மணியடித்தேன்.
திறந்த சிறுவன் கையில் ரொட்டி, கன்னத்தில் எள்.
"உள்ளே யார் பாடுவது? என்ன சொன்னாள் இப்போது?"
"எப்போது?"
"விடு. மீட்டர் எங்கே?"

சமையலறையில் வெங்காயம் பொன்னிறம் தாண்டியிருந்தது.
எண்ணை இரண்டு முறை தப்பாக எழுதி அடித்தேன்.