பழைய டிம்மர்

இருவரும் தனித்தனியே கூப்பிட்டார்கள்.
க்ளோவிஸ், காலை ஏழு மணிக்கு:
‘ரெகுலேட்டரை என் பக்கச் சுவரில் வை.
அவளிடம் சொல்லாதே.’
எர்லீன், எட்டேகாலுக்கு:
‘என் பக்கம். அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.’

லேக் சார்ல்ஸில் ஜூலை.
வேனின் கைப்பிடியைத் தொட்டால் சுடுகிறது.
சுத்திகரிப்பு ஆலையின் தீநாக்கு
பட்டப்பகலிலும் அணையாமல் நிற்கிறது,
இந்த ஊரில் யாரும் அதை நிமிர்ந்து பார்ப்பதில்லை.

படுக்கையறையில் ஒரே ஒரு சுவர்ப்பெட்டி,
அதுவும் கதவோரம்.
கட்டிலின் இரண்டு பக்கத்துக்கும் ஒரே தூரம்.
‘யாருக்கு வேண்டுமோ அவர் எழுந்து வரட்டும்’ என்றேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் நான் சொன்ன தீர்ப்புகளில்
அப்பீல் இல்லாதது அது ஒன்றுதான்.

மெயின் போர்டில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்:
‘படுக்கை?’
கேள்விக்குறியோடு.
அணைத்தேன். டெஸ்டரை வைத்தேன்.
டெஸ்டரையும் நம்பாமல்
உயிருள்ள வேறொரு பிளக்கில் அதைச் சோதித்துவிட்டு
மறுபடி வைத்தேன்.
சந்தேகப்படுகிறவளுக்குத்தான் பத்து விரலும் மிச்சம்.

மூடியைக் கழற்றியதும் புரிந்தது:
விளக்குக்கான டிம்மரை
விசிறிக்கு மாட்டியிருக்கிறான் எவனோ.
‘நாங்கள் வந்தபோதே இருந்தது,
பதினோரு வருஷம்’ என்றாள் எர்லீன்.
பதினோரு வருஷமாய் மோட்டார் முனகியிருக்கிறது,
சுரைக்குடுக்கைக்குள் மாட்டிய குளவி மாதிரி.
‘எந்தச் சத்தம்?’ என்றார் க்ளோவிஸ்.

கையில் எடுத்தால்
கோழி எழுந்துபோன வைக்கோல் போல
இன்னும் வெதுவெதுப்பு.

புதியதற்கு மூன்று படி.
கறுப்பைக் கறுப்போடு முறுக்கித் தொப்பி போட்டு,
வெற்றுச் செம்பைப் பச்சைத் திருகில் கட்டி,
மடித்து மடித்து உள்ளே தள்ளினேன்.
பழைய பெட்டி, ஆழமில்லை.
ஒன்றை உள்ளே அமுக்கினால் இன்னொன்று எட்டிப் பார்க்கிறது.
கடைசியில் முழங்கையால்தான் முடிந்தது.

ஏணியில் ஏறி
விசிறியின் சங்கிலியை இழுத்து
உச்ச வேகத்தில் விட்டேன்.
‘இனி இதைத் தொடாதீர்கள்.
மேலே எப்போதும் முழு வேகம்தான்.
எவ்வளவு போதும் என்பதைச் சுவர் சொல்லும்.’
எர்லீன் சிரித்தாள்:
‘இத்தனை நாள் அந்த வேலையை நான் பார்த்தேன்.’

மின்சாரத்தைக் கொடுத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
இறக்கை சுற்றுவது தெரிந்தது, கேட்கவில்லை.
மூன்று பேரும் கொஞ்ச நேரம் அண்ணாந்து நின்றோம்.
காலண்டரின் ஆகஸ்ட் மட்டும் படபடத்தது.

நூற்று நாற்பது டாலருக்குக் காசோலை,
ஒரு போத்தல் வெண்டைக்காய் ஊறுகாய்.
பழைய டிம்மரை வேனின் பின்டப்பாவில் எறிந்தேன்.

வியாழன் இரவு, மணி ஒன்றேமுக்கால்.
‘ஒடீல், அதை வைத்திருக்கிறாயா?’
‘எதை?’
‘அந்தப் பழையதை. திரும்ப மாட்ட முடியுமா?’

குரலைத் தாழ்த்தித்தான் பேசினாள்.
‘சத்தம் போனதிலிருந்து அவர் மூச்சு கேட்கிறது.
நடுவில் நின்றுவிடுகிறது, ஒடீல்.
நேற்று எண்ணினேன். பத்தொன்பது.
பிறகு ஒரு இழுப்பு,
தண்ணீருக்கடியிலிருந்து தலை தூக்குகிறவர் மாதிரி.
பதினோரு வருஷமும் இப்படித்தான் இருந்திருக்குமா?’

டிம்மர் வேனில்தான் இருந்தது.
‘குப்பையில் போட்டுவிட்டேன்’ என்றேன்.
‘விடிந்ததும் டாக்டரிடம் கூட்டிப்போ.
ஏழு மணிக்கே போய் நில்.’
‘சம்மதிக்கமாட்டார்.’
‘விசிறி வேகத்துக்குச் சம்மதித்தாரா?’

அவள் போனை வைக்கவில்லை.
கட்டிலருகே நீட்டியிருக்க வேண்டும்.
விசிறி கேட்கவில்லை.
நான் செய்த வேலை அவ்வளவு சுத்தம்.
ஒன்றும் கேட்கவில்லை.
சமையலறை இருட்டில் நின்றபடி
நானும் எண்ண ஆரம்பித்தேன்.

பதினான்கில் வந்தது.