கையுறைப் பெட்டி அட்டையில்

வால்டிவியாவில் ஒன்பதாம் நாளாக மழை.
கையுறைப் பெட்டியின் மூடியைக் கிழித்து
இதயம் வரைந்தேன்.
நான்கு அறை. இடது கீழறை வெறும் கீறல்.
'விகிதம்' என்றேன், 'வாய்ப்புகள்' என்றேன்,
'ஆய்வுகளின்படி' என்றுகூடச் சொன்னேன்.

ஃபிடல் ஊஞ்சுல் குழாய் பழுதுபார்ப்பவர்.
பென்சிலை வாங்கி அந்தக் கீறலைத் தொட்டார்.
"இது இவ்வளவு சின்னதா இருந்தா
தண்ணி மேல ஏறாதே, டாக்டர்.
பைப்பை மாத்தினாலும் ஏறாது.
இல்லையா?"

இருபது நிமிடமாக
நான் சுற்றிச் சுற்றி வந்த கதவு.
"ஏறாது" என்றேன்.
அப்போதுதான் உட்கார்ந்தேன்.
அதுவரை நின்றுகொண்டே பேசியிருக்கிறேன்.

எர்சிரா படத்தைப் பார்க்கவேயில்லை.
"குழந்தை, குழந்தைன்னே சொல்றீங்க.
பேர் வெச்சிருக்கோம்."
கோப்பில் 'ஊஞ்சுல், பெண்' என்றுதான் இருந்தது.
அடித்துவிட்டு எழுதினேன்: மில்லராய்.
எழுத்தைச் சரிபார்த்தாள்.

பிறகு, ஒரு தடவை
குளிப்பாட்டலாமா என்று கேட்டாள்.
எதற்கெல்லாமோ பதில் தயாரித்து வந்திருந்தேன்.
இதை யாரும் கேட்டதில்லை.
"குளிப்பாட்டலாம்."

ஒயர்களை நர்ஸ் உயர்த்திப் பிடிக்க
ஃபிடல் சட்டைக்கையைச் சுருட்டி
முழங்கையால் சூடு பார்த்தார்.
"இன்னும் ஒரு குவளை
பச்சைத்தண்ணி" என்றார்.
நான்தான் போய் மொண்டுவந்தேன்.