முந்நூற்றுப் பதின்மூன்று மில்லிமீட்டர்

கில்மோர் ரயில் நிலையத்துப் படியிறங்கும்போது
கைப்பையில் இருந்தவை:
தையல்காரர் அளவுநாடா,
இரண்டாயிரத்து நூறு பெசோ,
பழையதாக வாங்கிய கிராஃபிக்ஸ் கார்டின் நீளம்,
மருந்துக்கடை ரசீதின் முதுகில் எழுதியது:
முந்நூற்றுப் பதின்மூன்று.

இருந்த பெட்டிக்குள் அது போகவில்லை.
டிஸ்க் மாட்டும் தட்டை அறுத்தெறிந்து திணித்தேன்.
போயிற்று.
ஆனால் மணிலாவில் அது ஏப்ரல் மாதம்.
தொண்ணூற்றிரண்டு டிகிரியில்
பெர்த் நகரத்தில் யாரோ கட்டப்போகும் வரவேற்பறை
பாதி சோபாவோடு உறைந்து நின்றது.

முதல் கடையில் கண்ணாடி முகப்பு.
உள்ளே வானவில் சுற்றிக்கொண்டிருந்தது.
உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு
காற்று எந்த வழியாகப் போகும் என்று கேட்டேன்.
"பக்கவாட்டில் சந்து இருக்கு அக்கா."
நகம்கூட நுழையாத சந்து.
மூக்கைப் பொத்திவிட்டு
முகத்துக்குப் பவுடர் பூசியதுபோல.

அடுத்ததில் விலை ஆயிரத்து இருநூறு.
தகரம் அப்பளம்.
விளிம்பைத் தடவினேன், விரலில் ரத்தம்.
மிச்சம் பிடித்த காசு
இப்படித்தான் எங்காவது வசூலாகிவிடும்.

நாலாவது கடை டிண்டோவுடையது.
மேலே ரயில் போகும்போதெல்லாம்
அடுக்கிய பெட்டிகள் பல்லை நறநறத்தன.
அடியிலிருந்து ஒன்றை இழுத்தான்.
கறுப்பு. முகம் முழுக்கச் சல்லடை.
"மின்னாது, அதனால் எவனும் கேட்பதில்லை."
ஒரு மூலை நசுங்கியிருந்தது.

நாடாவைப் பிரித்தேன்.
முன்சுவர் தொடங்கிப் பின்சுவர் வரை முந்நூற்று அறுபது.
பிராசசரின் தலைக்கு மேல் நூற்று அறுபத்தைந்து.
வயர்கள் ஒளிந்துகொள்ள
முதுகுப்புறம் இரண்டு விரற்கடை.
கழற்றிக் கழுவ ஒரு தூசுவலை.
ஐந்து விசிறிக்கு இடம்; கூட வருவது ஒன்றே ஒன்று.
"நசுங்கலுக்கு எவ்வளவு குறைப்பீங்க?"
"நசுங்கலுக்குள்ளேயா குடியிருக்கப் போறீங்க?"
இருவரும் சிரித்தோம். நான் நகரவில்லை.
இரண்டாயிரம், இன்னொரு விசிறியும் சேர்த்து.

ஜீப்னியில் ஓட்டுநர்
பெட்டிக்கும் ஓர் ஆள் காசு கேட்டார்.
நியாயம்தான்.
பெட்டி என்னைவிட அகலமாக உட்கார்ந்திருந்தது.

குபாவோவில் எட்டுப் பேர் அறை,
எனக்கு மேல்தட்டுக் கட்டில்.
மாத வாடகை ஆயிரத்து எண்ணூறு,
பெட்டியைவிட இருநூறு மலிவு.
நிமிர்ந்து உட்கார்ந்தால் உச்சி கூரையில் இடிக்கும்.
ஒரே ஜன்னல், அதையும் பக்கத்துக் கட்டடம் மூடிவிட்டது.
நாடா கையில்தான் இருந்தது.
அளக்கவில்லை.

கால்மாட்டில் பெட்டியை வைத்து
முழங்காலை மடித்துக்கொண்டேன்.
யாரும் குடிவராத டிஸ்க் அறையில்
வாடகைக் கவர், இரண்டு நூடுல்ஸ் பாக்கெட்.
முன்னால் இரண்டு விசிறியும் இழுக்கின்றன.
பின்னால் வெந்த மூச்சு
என் பாதத்தில் படுகிறது.

விடிகாலை மூன்று மணி.
கீழ்க்கட்டில் கிளெண்டா எழுந்து
ஈரச் சீருடையின் காலரை
பெட்டியின் முதுகுக்கு நேராகப் பிடித்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
"இன்னும் எவ்வளவு நேரம் ஓடும்?" என்றாள்.
திரையைப் பார்த்தேன்.
அறுபத்தெட்டு டிகிரி.
ஒரு சோபா முழுசாக வந்துவிட்டது,
அடுத்து ஜன்னல்கள்.
"பெரிய பெரிய ஜன்னல்," என்றேன்,
"ரெண்டு காலரும் காய்ந்துவிடும்."