அரை விரல்

காவேரிப்பட்டணம் கூழ் ஆலைச் சுவரில்
நான் வரைந்த பெங்களூரா மாம்பழத்துக்கு
மூக்கு அரை விரல் கூடுதல்.

யாரும் சொல்லவில்லை.
முதலாளி பணம் கொடுத்து டீயும் வாங்கித் தந்தார்.
"மாங்கா செவுரு எறங்கு" என்கிறார் கண்டக்டர்.
நானோ அந்த வளைவு வரும்போதெல்லாம்
குனிந்து
செருப்பு வாரைச் சரிசெய்கிறேன்.

இரண்டு முறை இரவில் போனேன்,
டார்ச்சும் மஞ்சளும் எடுத்துக்கொண்டு.
ஒருமுறை நாய்.
ஒருமுறை தைரியம் இல்லை.

ஆனி மாத நெரிசலில் பின்வாங்கிய லாரி
சரியாக அந்த மூக்கை இடித்தது.
சிமெண்ட் பூசிவிட்டுக் கூப்பிட்டார்கள்.

ஏணிமேல் நிற்கிறேன்.
எதிரே காய்ந்த சாம்பல் திட்டு.
சரியான அளவு
எனக்குத் தெரியும், நான்கு வருஷமாய்.

கை
அரை விரல் தாண்டியும்
நிற்க மாட்டேன் என்கிறது.