காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்

பதினோராம் வகுப்பு இயற்பியலுக்குப் பதினாறாயிரம்.
பணகுடிக் காற்றாலையில் முப்பத்தொன்று,
கோபுரம் ஏறும் நாளுக்குப் படி தனி.

"ஏறிருவீயளா?"
சீட்டுக்காசை எண்ணிக்கொண்டே கேட்டாள் ஜெபக்கனி.
நிமிரவில்லை.

ஞாயிறன்று போய் நின்று பார்த்தேன்.
எண்பது மீட்டர்.
கேட்காமலே மனம் கணக்குப் போட்டது:
ஏற அரைமணி,
விழ நாலு விநாடி.
ஆனிக்காற்று சட்டையைப் பிடித்து உலுக்கி
என்னவே வாத்தியாரே என்றது.

இன்று கரும்பலகையில்
உச்சியிலிருந்து நழுவும் ஒரு கல்.
'காற்றின் தடையைப் புறக்கணிக்கவும்' என்று
வழக்கம்போல் அடைப்புக்குறிக்குள் எழுதினேன்.

வள்ளியூர்ப் புழுதி முழுக்க வகுப்புக்குள் பறக்க,
நோட்டை முழங்கையால் அமுக்கியபடி
சன்னலோரத்து இசக்கிதுரை எழுந்தான்:
"இங்கயுமா சார்?"

வெள்ளிக்குள் பதில் சொல்லியாக வேண்டும்,
மூன்று பேருக்கு.