ஐந்தாம் வயிறு

சிட்டாளின் சிவலைப் பசுவுக்கு
இடது விலாவுக்குக் கீழே ஒரு சாண் கிழித்து
டாக்டர் தோள்வரை கை விட்டார்.
நான் வாளி பிடித்தேன்.

வந்துகொண்டே இருந்தது.
முறுக்குப் பை, பால் பாக்கெட்,
முகூர்த்தம் ஓயாத தை மாதத்துப்
பந்தி விரிப்புகள்,
கயிறாய்த் திரிந்த கயிறல்லாதவை.
தேவகோட்டை ஜவுளிக்கடைப் பை ஒன்றில்
இன்னும் அழியாமல்
'நன்றி, மீண்டும் வருக.'

இருபத்தேழு கிலோ.
பதிவேட்டில் எழுதினேன்.
எங்கே கொட்டுவது என்பதற்கு
அதில் கட்டம் இல்லை.
குப்பைமேட்டில் போட்டால்
நாளைக்கு இன்னொரு மாடு.

புதுவயலில் லேத் வைத்திருக்கும் இருதயமேரி
"இங்க கொண்டாங்க சார்" என்றாள்.
மூடிப்போன அரிசி ஆலையில்
நெல் அவித்த கொப்பரையை எடைக்கு வாங்கி
மூடி பற்றவைத்து
குழாய் இழுத்திருந்தாள்.
மாட்டுக்கு வயிறு நாலு.
இது ஐந்தாவது.

மூன்று தண்ணீர் அலசியும் போகவில்லை வாடை.
தொட்டியில் மிதந்ததெல்லாம் அவளுக்கு.
மூழ்கியது வேண்டாம்.
சந்தேகமானதைப்
பழுத்த செம்புக் கம்பியால் தொட்டுத் தீயில் காட்டுவாள்.
சுடர் பச்சையானால்
"இது குழாயத் தின்னுடும்"
அந்தப் பக்கம் எறிவாள்.

காய்ந்தபின் நிறுத்தால் பதினான்குதான்.
மிச்சமெல்லாம் பசுவின் எச்சில்.

கீழே உமித் தீ.
மேலே மூச்சுவிட ஓட்டையில்லாத கொப்பரை.
ஏப்பத்தையும் வீணாக்காமல்
அடுப்புக்கே திருப்பியிருந்தாள்.
நானூறு டிகிரி தாண்டிக்
குழாய் முனை நனைந்தது. சொட்டியது.
கருப்பட்டிப் பாகு நிறம்,
மூக்கில் ஏறும் மண்ணெண்ணெய்க் கோபம்.

மாதக் கணக்கில் அசைபோட்டும்
பசுவால் ஆகாதது
ஐந்து மணி நேரத்தில் ஆனது.

ஆறியதும் பாதி மெழுகாய் உறைந்தது.
மேரி திட்டினாள், யாரை என்று தெரியவில்லை.
மறுபடி ஏற்றினாள்.
கடைசியில் ஒன்பது லிட்டர், ஒரு சட்டி கரி.
"காசுக்குக் கட்டாது சார்"
சொல்லிக்கொண்டே கேனை வண்டியில் கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை.
சிட்டாள் வீட்டுக் கொல்லை.
தட்டை வெட்டும் மிஷினுக்கு ஒரு பழைய என்ஜின்.
டீசலில் கிளப்பி, சூடேறியதும்
இதற்கு மாற்றினாள்.

பதினோரு நிமிடம் ஓடியது.
அரைக்கட்டுச் சோளத்தட்டை
துண்டுதுண்டாய் விழுந்தது.
பிறகு இருமி,
கருப்பாய் ஒருமுறை ஊதி, நின்றது.

அந்தப் புகை எங்கே போயிற்று என்று
நான் கேட்கவில்லை.
மேரி ஃபில்டரைக் கழற்றி
வெயிலில் தூக்கிப் பிடித்து
உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.
அடுத்த ஞாயிறு மறுபடி வருவாளாம்.

சிட்டாள் தட்டையைக் கூடையில் அள்ளிக்
கொண்டுபோய் வைத்தாள்.
தையல் பிரித்து ஒரு வாரமான பசு
முகர்ந்தது, தும்மியது,
முகத்தைத் திருப்பிக்கொண்டது.

வேலியோரம்
காற்றில் உருண்டு வந்தது ஒரு பை.
பசுவும் நானும்
ஒரே நேரத்தில் பார்த்தோம்.

நான் முந்திக்கொண்டேன்.