கதவிடம் மன்னிப்புக் கேட்டவர்கள்

போர்த்தோவில், டோரு ஆற்றுக்கு மேலே,
ரத்தப் பரிசோதனைக் கூடத்தில்
என் வேலை ஒரு நாற்காலி.
எதிரே அந்தக் கண்ணாடிக் கதவு.
பரிசு வாங்கிய கட்டடம்,
ஆகவே கதவும் பரிசு வாங்கியது.
இரண்டு பக்கமும் ஒரே மாதிரி
முழங்கை நீள எஃகுத் தண்டு,
பிடி பிடி என்று கூப்பிடும் வழவழப்பு.

பிடித்த கை இழுக்கத்தான் செய்யும்.
வெளியிலிருந்து வருகிறவருக்கு அது சரி.
உள்ளிருந்து போகிறவர் தள்ள வேண்டும்.

எழுதித்தான் ஒட்டியிருக்கிறார்கள்.
கண்ணாடி என்பதால்
அந்தப் பக்கத்துச் சொல் இந்தப் பக்கம்
இடவலம் மாறித் தெரியும்.
இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து
தின்று முடித்த மத்தி மீனின் முள்போலக் கிடக்கும்.
போதாததற்கு எங்கள் மொழியில்
‘புஷெ’ என்றால் இழு.
துறைமுகத்திலிருந்து வந்த ஆங்கிலேய மாலுமி ஒருவன்
வெளியே நின்று அதை வாய்விட்டுப் படித்தான்.
தோள் கொடுத்துத் தள்ளினான், தள்ளினான்,
தரைதட்டிய கப்பலை நகர்த்துகிறவன் போல.

நான் சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன்.
முதல் இரண்டு வருஷம் சிரித்தேன்.

பிறகு காதில் விழ ஆரம்பித்தது.
மன்னிக்கணும் என்றார் வங்கி அதிகாரி,
கதவிடம்.
என் புத்தி இருக்கே என்று
நெற்றியில் தட்டிக்கொண்டாள் மீன் விற்பவள்.
கணக்கு வாத்தியார் ஒருவர் இழுத்து, திகைத்து,
என் பக்கம் திரும்பி
வயசாகிவிட்டது என்றார்.
நாற்பதுகூட இராது.
நோட்டில் கோடு போட்டுப் பார்த்தேன்:
ஒரு வாரத்துக்கு நூற்றுப் பதினெட்டு பேர்.
ஒருவரும் கதவைத் திட்டவில்லை.
ஒரு குழந்தை மட்டும் எட்டி உதைத்தது.
அதை அடக்கிவிட்டார்கள்.

மார்ச் மாதம். பச்சை மழைக்கோட்டு.
தெயோலிந்தா என்று கூப்பிட்டார்கள் உள்ளே.
திரும்பி வரும்போது கையில் உறை,
பிரித்த உறை.
இழுத்தாள்.
மறுபடி இழுத்தாள்.
தண்டை விடாமல்
நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்தாள்.
நெற்றி தள்ளியது, கை இழுத்தது,
கை ஜெயித்தது.
இதுகூடவா எனக்கு முடியாது, என்றாள்,
யாரிடமும் இல்லை.
எழுந்து போய்த் தள்ளினேன்.
ஒரு விரல் போதும், அவ்வளவு லேசு.
அந்த லேசுதான் எனக்குத் தாங்கவில்லை.

சனிக்கிழமை இரவு திருப்புளியோடு போனேன்.
நான்கு திருகு.
உள்பக்கத் தண்டைக் கழற்றினேன்,
வெளித்தண்டை இறுக்கினேன்,
ஓட்டைகளை மறைக்க ஒரு தகடு,
மைத்துனன் பட்டறையில் வெட்டியது,
உள்ளங்கையைவிடச் சற்று அகலம்.
பிடிக்க ஒன்றும் இல்லையென்றால்
கை வேறென்ன செய்யும்?

திங்கட்கிழமை எல்லோரும் தள்ளினார்கள்.
யாரும் நிற்கவில்லை, எதையும் படிக்கவில்லை.
கதவு இருப்பதே தெரியாமல் போனார்கள்.
நான் இருப்பதும்.
மன்னிப்பும் இல்லை, வணக்கமும் இல்லை.
இதைத்தானே கேட்டாய் ஃபிர்மீனு
என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.
மதியத்துக்கு மேல் கொஞ்சம் போரடித்தது.

புதன்கிழமை நிர்வாகத்தின் கடிதம் வந்தது.
கட்டடத்தின் சமச்சீரைக் குலைத்தவர் யார்,
தண்டு எங்கே.
தேடிக்கொண்டிருக்கிறேன் என்று பதில் போட்டேன்.
அது என் குளியலறையில் இருக்கிறது.
நல்ல தண்டுதான், பாவம்.
இரண்டு துண்டு காயப் போடலாம்.

நேற்று இரவு காப்பிக்காக எழுந்தேன்.
மின்னடுப்பில் நான்கு தட்டு, சதுரமாக.
கீழே நான்கு குமிழ், வரிசையாக.
பதினாறு வருஷமாக என்னுடைய அடுப்பு.
திருகிவிட்டு ஜன்னலில் மழை பார்த்தேன்.
திரும்பினால்
காப்பிப் பாத்திரம் சில்லென்று இருக்கிறது,
அதன் பின்னால் காலி வாணலி புகைகிறது.

மன்னிக்கணும் என்றேன்.

சொன்ன பிறகுதான்
காதில் விழுந்தது.